நடுக்கத்துக்கு முன்பே தொடங்கிய நோய்

பர்மாவின் மோல்மேன் நகரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவுக்கு வயது 63. நாற்பது ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்துபவர். ஆறு மாதமாக வலக்கைப் பெருவிரல் தானாக ஆடுகிறது, கணக்கு நோட்டில் எழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சிறுத்துவிட்டது, யாங்கோனில் பார்த்த நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். அண்ணன் இதை வயதுக் கோளாறு என்கிறார், அம்மா யார் கண்ணோ பட்டுவிட்டது என்கிறார். இது எப்போது தொடங்கியிருக்கும், இனி எப்படிப் போகும் என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். நான் யாங்கோனில் முப்பது ஆண்டுக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்ப்பவன், நரம்பியல் நிபுணன் அல்லன். ஆனால் நிபுணர் கால் மணி நேரம் பார்க்கும் நோயாளியை அவருடைய வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பார்க்கும் வாய்ப்பு என் போன்றவர்களுக்கே கிடைக்கிறது என்பதால், அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்பு தொடங்கியது நடுக்கம் மட்டுமே. நோய் அதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பே, சிலருக்கு அதற்கும் முன்பே, உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாக மூன்று செய்திகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது மணம். பர்மாவில் ஒருவருடைய மூக்கு மழுங்கிவிட்டதா என்று அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. பக்கத்து வீட்டில் நப்பியை, அதாவது புளித்த மீன் விழுதை, வறுக்கும்போது வீட்டில் உள்ள அத்தனை பேரும் முகத்தைச் சுளிக்க, ஒருவர் மட்டும் ஒன்றும் நடவாதது போலப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தால் அவருடைய மூக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். என்னிடம் வந்த பெரியவர் ஒருவர், மோஹிங்காவில் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) மீன் வாசமே இல்லை, ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லி மூன்று கடை மாறியவர். கடைக்காரர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான். மணம் குறைவதற்குச் சளி, புகை, மூப்பு, கோவிட் என்று வேறு பல காரணங்களும் உண்டு. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. இரண்டாவது மலச்சிக்கல். அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவது உறக்கம்; இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். நாம் கனவு காணும் வேளையில் மூளைத்தண்டு நம் கைகால்களைக் கட்டிப்போட்டு வைக்கிறது, அதனால்தான் கனவில் ஓடுகிறவன் பாயில் ஓடுவதில்லை. இந்தக் கட்டு அவிழ்ந்துபோனவர்கள் கனவில் நடப்பதையெல்லாம் உடம்பால் செய்துவிடுவார்கள்: கத்துவார்கள், உதைப்பார்கள், பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிட்டு விடிந்ததும் நான் அப்படிச் செய்வேனா என்பார்கள். பல நாடுகளின் உறக்க ஆய்வகங்கள் சேர்ந்து 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி, இந்தக் கோளாறு உறுதியானவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு 12 ஆண்டுக்குள் பார்க்கின்சனோ அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு நோயோ வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி எளியது: நீங்கள் எந்த ஆண்டிலிருந்து தனிப் பாயில் படுக்கிறீர்கள், ஏன்?

கை நடுக்கத்துக்கும் மூக்குக்கும் குடலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஆல்பா சைனுக்ளின் என்று ஒரு புரதம் எல்லோருடைய நரம்பணுக்களிலும் இருக்கிறது. இந்த நோயில் அது தவறாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, அணுவுக்குள் கட்டியாகத் திரள்கிறது. இக்கட்டிகளை லூயி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1912இலேயே நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். அவற்றின் முக்கியப் பொருள் இந்தப் புரதமே என்பது 1997இல்தான் தெரியவந்தது. 2003இல் பிராக் என்ற ஜெர்மன் உடற்கூற்றியலாளரும் அவர் குழுவினரும், இறந்தவர்களின் மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்து, இந்தத் திரட்சி முதலில், குடலுக்குச் செல்லும் நரம்பு கிளம்பும் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் மணம் உணரும் நரம்புப் பகுதியிலும் தோன்றி, பிறகு மேல்நோக்கி ஏறி, நடுமூளையைத் தாண்டி, கடைசியில் பெருமூளைப் புறணியை அடைகிறது என்ற படிநிலையை முன்வைத்தார்கள். எல்லா நோயாளிகளும் இந்த ஏணியில் வரிசை தவறாமல் ஏறுவதில்லை என்றாலும், மூக்கும் குடலும் உறக்கமும் கைக்கு முன்பே ஏன் கெடுகின்றன என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இன்று நம்மிடம் இல்லை.

நடுமூளையில் கருந்திட்டு என்ற சிறு பகுதி உண்டு. அறுத்த மூளையில் அது வெறும் கண்ணுக்கே கறுப்புக் கோடாகத் தெரியும். இந்த நோயில் இறந்தவரின் மூளையில் அந்தக் கோடு வெளுத்துப்போயிருக்கும். அங்கே உள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, மூளையின் அடித்தளத்தில் அசைவுகளை ஒழுங்கு செய்யும் பகுதிக்கு அனுப்புகின்றன. ஓர் அணுவே லட்சக்கணக்கான இணைப்புகளைத் தாங்க வேண்டியிருப்பதால், இயல்பிலேயே அவை வேலைப்பளு மிகுந்த அணுக்கள். அவற்றுள் ஏறக்குறைய பாதி அழிந்த பிறகே முதல் நடுக்கமோ முதல் மந்தமோ வெளியே தெரிகிறது. அதுவரை எஞ்சியவை கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகின்றன. ஆறு பேர் செய்த கடை வேலையை மூன்று பேர் இழுத்துப் பிடித்துச் செய்யும்வரை வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது அல்லவா, அதே கதைதான். வயதானால் எல்லோருக்கும் இந்த அணுக்கள் ஓரளவு குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரு பக்கமாகத் தொடங்கி, இத்தனை விரைவாக, இப்படிக் கட்டிகளோடு அழிவது மூப்பு ஆகாது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பெரும்பாலோருக்கு இந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது. வயது, பிறவியில் வந்த மரபணுக் கூறுகள், சில பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி நஞ்சுகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. நஞ்சு இதைச் செய்யும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று 1982இல் கலிபோர்னியாவில் கிடைத்தது. கள்ளத்தனமாகத் தயாரித்த போதை ஊசியைப் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், சில நாட்களுக்குள் முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த ஒரு வேதிப்பொருள் அவர்களுடைய கருந்திட்டை நேரடியாகத் தாக்கியிருந்தது. இந்த நோய் தொற்றாது. கண்ணேறு கழித்து அம்மாவின் மனம் ஆறுமென்றால் கழிக்கட்டும். பூசணிக்காய் உடைத்தாயிற்று என்று மாத்திரையைத் தள்ளிவைக்காத வரையில் அதில் எனக்கு மறுப்பில்லை.

இனி வெளியே தெரியும் அடையாளங்கள். பார்க்கின்சன் என்ற பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நடுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறு பேரைப் பார்த்து (அவர்களில் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி) எழுதிய சிறு நூலும் இதை நடுக்கவாதம் என்றே பெயரிட்டது; நம் வைத்திய நூல்களும் கம்பவாதம் என்றே சொல்கின்றன. ஆனால் நால்வரில் ஒருவருக்கு நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரலாம். மருத்துவர் தேடுவது மந்தத்தை: அசைவு தொடங்கத் தாமதிப்பது, செய்யச் செய்ய அது சிறுத்துக்கொண்டே போவது. எழுத்து வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருந்து, முடிவில் பொடியாகிவிடுவதும் அதனால்தான்.

அப்பா கைலி கட்டுவதைக் கவனியுங்கள். இந்நாட்டில் வளர்ந்த ஆண்பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை முடிச்சை அவிழ்த்து, உதறி, இரு புறமும் இழுத்து, மடித்துச் செருகிக்கொள்கிறான் என்று யாரும் எண்ணுவதில்லை. நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, இரண்டு நொடியில் முடிந்துவிடும் வேலை அது. நோய் தொடங்கியவர் அதற்காக நின்றுவிடுவார். இடக்கை தன் பங்கை முடித்துக் காத்திருக்க, வலக்கை விரல்கள் துணியின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருக்கும். அடுத்து, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் புரட்டிப் பாருங்கள்; இழுபடும் காலின் செருப்பு முனையில் மட்டும் தேய்ந்திருக்கும். நடக்கும்போது அந்தப் பக்கத்துக் கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். டீக்கடையின் குட்டை முக்காலியிலிருந்து எழுவதற்கு இரண்டு முறை முயல வேண்டியிருக்கும். முகத் தசைகளும் மந்தமாவதால், முதலாளி இப்போதெல்லாம் சிரிப்பதே இல்லை, ஏதோ கோபம் போலும் என்று கடைப் பையன்கள் பேசிக்கொள்வார்கள். கோபம் ஒன்றும் இராது. தோள்பட்டை வலி என்று சொல்லி ஓராண்டு எண்ணெய் தேய்த்த பிறகு என்னிடம் வந்தவர்களும் உண்டு. மூட்டில் பழுதில்லை, கை அசையாமல் இருந்ததால் இறுகியிருந்தது.

நடுக்கம் வரும்போது அதற்கென்று ஒரு குணம் உண்டு. கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான், நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை, பெருவிரல் சுட்டுவிரலின் மேல் மாத்திரை உருட்டுவது போல ஆடும். கோப்பையை எடுக்கக் கையை நீட்டினால் அடங்கும். இதற்கு நேர்மாறாக, சும்மா இருக்கையில் அமைதியாக இருந்து, கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது இரு கைகளும் நடுங்கினால், அது பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வரும் வேறொரு நடுக்கம். அதற்கு மருந்தும் வேறு.

இன்னொரு போலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் அதை அடிக்கடி பார்க்கிறேன். தலைசுற்றலுக்குச் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குப் புளுனாரிசின், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கு ஹாலோபெரிடால்: இவை மூளையில் டோபமின் வேலையைத் தடுப்பவை. மாதக்கணக்கில் எடுத்தால் பார்க்கின்சனைப் போலவே மந்தமும் இறுக்கமும் உண்டாகும். தலைசுற்றலுக்கென்று ஒருமுறை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி நான்கு ஆண்டுகள் மருந்துக்கடையில் சின்னரிசின் வாங்கிச் சாப்பிட்ட ஓர் அம்மாளை அவருடைய பிள்ளைகள் நடக்க முடியாத நிலையில் அழைத்து வந்தார்கள். மாத்திரையை நிறுத்தினோம், முழுதும் தெளிய எட்டு மாதமாயிற்று, ஆனால் தெளிந்துவிட்டார். ஆகையால் அப்பா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு பையில் போட்டு அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நோய் தொடங்கிய முதல் ஆண்டிலேயே அடிக்கடி விழுவது, தொடக்கத்திலேயே நினைவு குழம்புவது, மாத்திரைக்குச் சிறிதும் அசையாமல் இருப்பது ஆகியவை பார்க்கின்சனின் உறவுக்கார நோய்களைக் காட்டுபவை. அவற்றின் போக்கு இதைவிட வேகமானது. உங்கள் கடிதத்தில் அவை எதுவும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஹோன், யாஹ்ர் என்ற இரு மருத்துவர்கள் 1967இல் இந்நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள்: ஒரு பக்கம் மட்டும், இரு பக்கமும், நிலைதடுமாற்றம், கடும் இயலாமை, சக்கர நாற்காலி அல்லது படுக்கை. இந்தப் பட்டியலைச் செல்பேசியில் படித்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு படி என்று கணக்குப் போட்டுக்கொண்டு அழுதபடி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு அப்படி ஓடுவதில்லை. ஒரே வயதில் தொடங்கிய இருவரில் ஒருவர் பத்து ஆண்டுக்குப் பிறகும் தானே சந்தைக்குப் போய் வருகிறார், மற்றவர் ஐந்து ஆண்டில் கைத்தடி பிடிக்கிறார். நடுக்கம் மேலோங்கியவர்களுக்கு நோய் பொதுவாக மெதுவாகவும், நடையும் நிலையும் முதலில் கெட்டவர்களுக்கு வேகமாகவும் போகும் என்பது மட்டுமே ஓரளவு நம்பக்கூடிய குறிப்பு. தொடங்கிய பக்கமே பெரும்பாலும் கடைசிவரை கூடுதலாக வருத்தும்.

முதல் சில ஆண்டுகள் நல்ல ஆண்டுகள். அதற்குக் காரணம் லெவோடோப்பா. மூளைக்குள் நுழைந்து டோபமினாக மாறும் பொருள் அது. பூனைக்காலி விதையில் அது நிறைய இருக்கிறது என்று 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருக்கிறது என்று வியன்னாவில் ஹோர்னிகிவிச் கண்டது 1960இல்; வாய்வழியாகப் பெருமளவில் கொடுத்து நோயாளிகளை எழுப்பி நடக்கவைத்தவர் கோட்சியாஸ், 1967இல். விதை நம்மிடம் இருந்தும் வழி தெரிய முப்பது ஆண்டாயிற்று. இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலிப் பொடியை வாங்கி மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். பொடியில் மருந்தின் அளவு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாறும், இரண்டும் சேர்ந்தால் அளவு மீறும்.

மாத்திரைப் பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். லெவோடோப்பாவுடன் கார்பிடோப்பா என்ற துணை மருந்து சேர்ந்திருக்கும். லெவோடோப்பா மூளையை அடைவதற்கு முன்பே வழியில் வீணாகாமல் காப்பது அதன் வேலை. இந்தியாவிலிருந்து வரும் மாத்திரைகளில் இரண்டின் கூட்டுத்தொகையையே அச்சிடும் வழக்கம் உண்டு: 110 என்றால் 100உம் 10உம், 125 என்றால் 100உம் 25உம், 275 என்றால் 250உம் 25உம். ஒரு கடையில் 125 இல்லை, 110 தருகிறேன், வித்தியாசம் 15தானே என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். துணை மருந்து பாதிக்கும் கீழே குறைந்து, குமட்டல் தொடங்கும். குமட்டலுக்கென்று அதே கடையில் மெட்டோகுளோபிரமைடு கொடுப்பார்கள். அது டோபமினைத் தடுக்கும். நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். இந்த வளையத்தில் சிக்கிய குடும்பங்கள் சிலவற்றை நானே அவிழ்த்துவிட்டிருக்கிறேன். பர்மாவில் மருந்து வரத்து எப்போது தடைப்படும் என்று சொல்ல முடியாது என்பதால், ஒரு மாத மாத்திரையாவது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். திடீரென்று ஒரேயடியாக நிறுத்தினால் காய்ச்சலும் கடும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சில ஆண்டுகள் கழித்து மாத்திரையின் குணம் மாறுவது போலத் தோன்றும். உண்மையில் மாறுவது மூளை: மருந்தைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாகச் செலவிட அங்கே அணுக்கள் போதாமல் போகின்றன. முன்பு நாள் முழுதும் தாங்கிய வேளை மருந்து நான்கு மணி நேரத்தில், பிறகு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக நெளியும். இந்தக் கட்டத்தில் கடிகாரமே மருந்து. பருப்பும் மீனும் முட்டையும் செரித்து வரும் புரதக்கூறுகள், லெவோடோப்பா மூளைக்குள் நுழையும் அதே வாசலில் அதனோடு முட்டிமோதும். ஆகவே காலையில் அவித்த பட்டாணியும் நான் ரொட்டியும் சாப்பிடுபவர் அதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரையை விழுங்கிவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் தள்ளி எடுக்க வேண்டும்.

நடை உறைவது இதே காலத்தில்தான் தலைகாட்டும். கூடத்தில் நன்றாக நடந்து வந்தவர் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். பின்னாலிருந்து தள்ளினால் விழுவார். ஒரு வீட்டில் பேரன் விளையாட்டாகத் தரையில் சாக்கட்டியால் கோடுகள் போட்டிருந்தான். தாத்தா அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்துவிட்டார். இது அதிசயமன்று. பழக்கத்தால் தானாக ஓடும் நடையைச் செலுத்தும் வழி பழுதானாலும், கண்ணால் பார்த்துக் காலெடுத்து வைக்கும் வழி வேறாக இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவதும் இதே உதவியைச் செய்யும்.

பின்னாளில் வருபவற்றுள் கை நடுக்கம் சிறியது. எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவது, சிறுநீர் அடக்க முடியாமை, மனச்சோர்வு, மாலையில் கூடத்தில் யாரோ குழந்தை உட்கார்ந்திருப்பதாகச் சொல்வது, நினைவு மங்குவது ஆகியவையே குடும்பத்தைக் களைப்படையச் செய்பவை. சிட்னியில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 20 ஆண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்களில் 83 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருந்தது. இருபது ஆண்டு தாண்டியவர்களின் கணக்கு அது. அப்போது அவர்களுடைய சராசரி வயது எழுபதைத் தாண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள். கடைசிக் காலத்தில் கவலைக்குரியது விழுங்குதல். சாப்பிடும்போது இருமல் வந்தால், உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம் என்று பொருள். நிமிர்த்தி உட்காரவைத்து, கஞ்சியைக் கெட்டியாகக் கொடுத்து, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும்.

நோயின் வேகத்தைத் தடுத்து நிறுத்தும் என்று உறுதியான மருந்து இன்றுவரை இல்லை. இருக்கிறது என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். ஆனால் நாள்தோறும் வியர்க்க நடப்பதும் உடற்பயிற்சியும் நடையையும் நிலையையும் தெளிவாகவே காக்கின்றன. ஆகவே அப்பாவைக் கடையிலிருந்து எடுத்து வீட்டில் உட்காரவைக்கும் எண்ணம் அண்ணனுக்கு இருந்தால் அதை நான் ஏற்கமாட்டேன். மூட்டை தூக்குவதை மட்டும் பையன்களிடம் விட்டுவிட்டு, எடை போடுவதையும் சில்லறை எண்ணுவதையும் அவரே செய்யட்டும், கூடுதல் நேரமானாலும் சரி.

அடுத்த முறை அவரை யாங்கோனுக்கு அழைத்து வரும்போது, மாத்திரை விழுங்கிய நேரமும் கை இளகிய நேரமும் மறுபடி இறுகிய நேரமும் குறித்த ஒரு வாரத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். கூடவே கடையின் பழைய கணக்கு நோட்டுகளில் மூன்று நான்கைக் கொண்டு வாருங்கள்; எழுத்து எந்த ஆண்டில் சிறுக்கத் தொடங்கியது என்பதை மருத்துவர் அவற்றில் படித்துக்கொள்வார்.